நரி வைத்திருந்த இரண்டு சேக்கல்

பேரீச்சந்தோப்புக் குளக்கரையில் ஒரு நரி தராசு வைத்துப் பிழைத்தது. வழிப்போக்கன் எவனோ தொலைத்த சேக்கல் அதற்குக் கிடைத்திருந்தது. சேக்கல் என்றால், எபிரேயர்கள் அந்தக் காலத்தில் வெள்ளியையும் தானியத்தையும் எடை போட்ட கல். போதாதா? கல் வைத்திருப்பவன்தானே முதலாளி!

அறுவடையில் மிருகங்கள் தரும் வாற்கோதுமையை நரி எடை போட்டு வைத்துக்கொள்ளும். பஞ்சம் வந்தால் அதே எடை திருப்பித் தரும். இதுதான் பேச்சு.

மழை பொய்த்தது. தான் கொடுத்த ஐந்து சேக்கலைக் கேட்டு முயல் வந்தது. வளையில் மூன்று குட்டிகள் பட்டினி. நரி வாலுக்கடியிலிருந்து கல்லை எடுத்து, ஐந்து தடவை எடை போட்டுக் கொட்டியது.

"என்ன முதலாளி, நான் குடுத்ததுல பாதிதான் இருக்கும்போல!"

"காஞ்சா சுருங்கும் தங்கச்சி! கல்லு பொய் சொல்லுமா?"

"கல்லு சொல்லாது. உன் மூஞ்சி சொல்லுது!"

"சீக்கிரம் முடிம்மா! எனக்குப் பசிக்குது!" என்று வரிசையில் நின்ற கழுதை கத்தியது.

முயலுக்குக் காது நுனிவரை ஆத்திரம். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது: "சரி, இதை நீயே வாங்கிக்க. பதிலுக்குப் பேரீச்சம்பழம் குடு."

'வாங்கிக்க' என்று காதில் விழுந்ததுதான் தாமதம். நரியின் கை பழக்கதோஷத்தில் வயிற்றுக்கடியில் போனது. வேறொரு கல்லை எடுத்தது. எடை போட்டது.

"மூணு சேக்கல்!" என்றது கம்பீரமாக.

முயல் துள்ளி எழுந்தது.

"இப்பதானே அஞ்சுன்னு கொட்டினே? நான் ஒரு மணிகூடத் தொடலையேடா திருட்டுப் பயலே!"

கழுதை வாயைப் பிளந்தது. பிறகு காலைத் தூக்கியது. நரி முள்புதரில் போய் விழுந்தது. வாலடிக் கல்லைப் புரட்டிப் பார்த்தால், உள்ளே குடைந்து வெறும் கூடு!

"ரெண்டையும் குளத்துல போடு!" என்று எல்லாம் கூச்சலிட்டன.

"போடாதீங்க!" என்றது முயல். "இனிமே நாம குடுக்கறப்ப குடைஞ்ச கல்லு. நாம வாங்கறப்ப கெட்டிக் கல்லு!"

"ஐயோ, அது அநியாயம்!" என்றது புதருக்குள் இருந்த நரி.

"உனக்குத் தெரியாததா முதலாளி!"

கெட்டிக் கல்லில் ஐந்து சேக்கல் எடை போட்டு வாங்கிக்கொண்டு முயல் வளைக்கு ஓடியது.

வாங்க ஒரு கல், கொடுக்க ஒரு கல் வைத்திருப்பவனை வேறு யாரும் பிடிக்க வேண்டியதில்லை, அவன் கையே ஒருநாள் காட்டிக்கொடுக்கும்.