குளிக்காத பிள்ளை

மலையடிவாரத்தில் அங்கயற்கண்ணி அம்மாள் வைத்தியம் பார்த்து வந்தார். அவரிடம் பாடம் கேட்ட சீடர் சிற்றம்பலத்துக்குக் குருவைவிட வயது அதிகம், சுத்தம் அதைவிட அதிகம். சாகக் கிடந்தாலும் நோயாளி தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் அவர் வாசற்படி ஏற வேண்டும்.

இருளாயி தன் ஆறு வயது மகள் தேவானையை மறுபடியும் கூட்டி வந்தாள். ஒன்றுக்குப் போனால் எரிகிறது என்று பிள்ளை கதறுகிறாள். பகலெல்லாம் ஓடியாடுகிறவள், தூங்கியதும் பல்லை நறநறவென்று கடிக்கிறாள், பாயை நனைக்கிறாள்.

"சூடுதான்" என்றார் சிற்றம்பலம். நெருஞ்சில் கஷாயம் கொடுத்துப் பார்த்தாயிற்று, பார்லித் தண்ணீரும் கொடுத்தாயிற்று. எதற்கும் கேட்கவில்லை.

"சூடு இல்லைங்கய்யா. தூங்கின பிறகு மேல ஏதோ ஊருதுங்கறா. விளக்கை ஏத்தினா யாரும் இல்லை." இருளாயி மகளைத் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு வீட்ல, பேயோட்டற கோடாங்கிகிட்ட கூட்டிட்டுப் போறாங்க. சாட்டையால அடிச்சா இறங்கிடுமாம்."

தேவானை ஈரத் தலையோடு சிற்றம்பலத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"அது வெளியில இருந்து வரலை தாத்தா. எனக்குள்ளதான் இருக்கு."

 சிற்றம்பலம் நேரே குருவிடம் போனார்.

"அம்மா, பேய்ன்னு ஒண்ணு உண்டா?"

"எப்ப வருதாம்?"

"பிள்ளை தூங்கின பிறகு."

"அப்ப நாமளும் அந்த நேரத்துக்கே போவோம். அதுவரைக்கும் பிள்ளை மேல ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாதுன்னு சொல்லிடுங்க."

சிற்றம்பலம் முகம் சுளித்தார். ஆனாலும் சொல்லிவிட்டார்.

கோழி கூவுவதற்கு முன்பே இருவரும் இருளாயி வீட்டுக்குப் போனார்கள். தெரு அடங்கிக் கிடந்தது. பல்லைக் கடிக்கும் சத்தம் மட்டும் வாசல்வரை கேட்டது. குரு விளக்கோடு உள்ளே போனார். சிற்றம்பலம் கதவுக்கு வெளியே, முதுகைக் காட்டி நின்றார். அவருக்குத் திரும்பிப் பார்க்கவும் பயம், ஓடிப் போகவும் வெட்கம்.

"போர்வையை நீயே விலக்கிப் பாரு தாயி" என்ற குருவின் குரல் கேட்டது.

போர்வை சரசரத்தது. பிறகு இருளாயி மூச்சை இழுப்பது கேட்டது.

"நூலு... வெள்ளை நூலு. அம்மா, நூலு நகருதே!"

பக்கத்துப் பாயில் தூங்கிக்கொண்டிருந்த அண்ணன்மார் இருவரும் தூக்கத்திலேயே சொறிந்துகொண்டார்கள்.

"கீரிப்பூச்சி" என்றார் குரு. "குடல்ல இருக்கிற புழு. எல்லாரும் தூங்கின பிறகு முட்டை போட ஆசனவாய்க்கு வெளியில வரும். பெண்பிள்ளைக்கு ஒண்ணுக்குப் போற இடம்வரைக்கும் ஊர்ந்துடும். அந்த எரிச்சல்தான் இது. வீட்ல எல்லாரும் பூச்சி மருந்து குடிக்கணும். நகத்தை வெட்டு, துணியெல்லாம் கொதிதண்ணியில போடு. கோடாங்கிகிட்ட போக வேண்டாம்."

இருளாயி மகளை வாரி மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். தேவானை கண் திறக்காமலே கேட்டாள்:

"போயிடுச்சாம்மா?"

 வீட்டுக்கு வந்ததும் பழக்கத்தில் தண்ணீர்க் குடத்தை நோக்கிப் போன சிற்றம்பலம், அதைத் தொடாமல் நின்றார்.

"நான் படிக்காத பூச்சியா அம்மா? எத்தனை தடவை என் முன்னால வந்து உட்கார்ந்தா அந்தப் பிள்ளை! இன்னிக்கு அவ முதுகுல சாட்டை விழுந்திருக்குமே. என் கண்ணுல ஏன் படலை?"

"எப்படிப் படும்? நோயைக் கழுவிட்டுத்தானே பிள்ளையை உள்ள விட்டீங்க."