பதினேழு விதிகளும் ஒரு விலாங்கும்

அந்தக் கல்லூரியில் மாணவர் நல டீன் என்று ஒரு பதவி இருந்தது. பெயரில்தான் நலம். வேலை என்னவோ காலையிலிருந்து சாயங்காலம் வரை பஞ்சாயத்துதான். இசக்கியப்பன் அந்த நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதற்குள் பாதித் தலை நரைத்துவிட்டது, பாவம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவர் கோப்பும் கையுமாக சூசையம்மாள் மேடத்தின் வீட்டுக்குப் போனார். மேடம் அவருக்கு விலங்கியல் சொல்லிக்கொடுத்தவர். பிறகு முனைவர் பட்டத்துக்கும் அவர்தான் வழிகாட்டி. அவர் ஓய்வு பெற்று ஐந்து வருஷம் ஆகியும், முக்கியமாக எதையாவது எழுதிவிட்டால் அதில் மேடத்தின் சிவப்புப் பென்சில் படாமல் இசக்கியப்பனுக்குச் சோறு இறங்காது.

மேடம் பின்கட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

“என்ன இசக்கி, காலேஜ் நேரத்துல இந்தப் பக்கம்?”

“மாணவர்கள் எதைப் பேசலாம், எதை எழுதலாம்னு விதிமுறை எழுதியிருக்கேன் மேடம். மூணு மணிக்குக் கமிட்டி. நீங்க ஒரு பார்வை பார்த்துட்டா நல்லது.”

“யாரு என்ன பேசிட்டா?”

இசக்கியப்பன் கொட்டித் தீர்த்தார். மாரிச்செல்வி என்று ஒரு பெண், இரண்டாம் வருஷம். விடுதி அறிவிப்புப் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டாள்: ‘ஒரு வருஷமாகத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவவில்லை. டீன் சார் இதில் ஒரு டம்ளர் குடித்துக் காட்டட்டும்.’ அதைப் படம் பிடித்து ஊர் முழுக்க அனுப்பிவிட்டார்கள். கடைக்குப் போனால் கடைக்காரர் கூட, ‘குடிச்சீங்களா சார்?’ என்கிறார்.

“அத்தனையும் பொய் மேடம். ஏப்ரல்லயே கழுவியாச்சு. ரெஜிஸ்டர்ல கையெழுத்தோட இருக்கு.”

“அவளை என்ன பண்ணப் போறே?”

“டி.சி. கொடுத்து அனுப்பிடலாம்னு கமிட்டியில எல்லாரும் சொல்றாங்க. என் கையெழுத்துதான் பாக்கி. இனிமே யாரும் இப்படிக் கிளம்பக் கூடாதுன்னுதான் இந்த விதி.”

“அவ வீட்டுல யாரு?”

“அம்மா மட்டும்தான். பீடி சுத்துறாங்க. அந்த வீட்டுல காலேஜ் படி ஏறின முதல் ஆளே இவதான்.” சொல்லும்போதே குரல் இறங்கியது. உடனே நிமிர்ந்துகொண்டார். “அதுக்காக வாய்க்கு வந்ததைப் பேசலாமா?”

மேடம் கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியை மாட்டினார். பதினேழு விதிகளையும் நிதானமாகப் படித்தார். ஆதாரம் இல்லாமல் எதையும் சொல்லக் கூடாது. அனுமதி வாங்காமல் எங்கும் எழுதக் கூடாது. ஆசிரியர் மனம் நோகும்படி கேள்வி கேட்கக் கூடாது. இப்படியே போனது.

“ஒரு எழுத்துப் பிழைகூட இல்லையே, இசக்கி!”

இசக்கியப்பனுக்கு வாயெல்லாம் பல்.

“இது இருபத்தேழு வருஷத்துக்கு முன்னாலயே இருந்திருந்தா எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்திருக்கும்!”

அவருக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கதை கல்லூரிக்கே தெரியும். அப்போது இசக்கியப்பன் இரண்டாம் வருஷம். ஊர் ஆற்றில் விலாங்கு மீன் உண்டு என்று மேடம் நோட்ஸ் சொல்லிக்கொண்டிருக்கும்போது, கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து கேட்டார்: ‘மேடம், நீங்க ஆத்துல கால் வச்சிருக்கீங்களா, இல்ல புத்தகத்துல மட்டும்தானா? எங்கப்பா தினமும் வலை போடுறாரு. நம்ம ஆத்துல விலாங்கே கிடையாது.’ வகுப்பே சிரித்தது. மேடம் நோட்ஸை மூடிவிட்டு வெளியே போய்விட்டார்.

“அது வேற மேடம்,” என்றார் இசக்கியப்பன். “மரியாதை இல்லாமத்தான் கேட்டேன், ஒத்துக்கிறேன். ஆனா நான் சொன்னது சரி. மூணு மாசம் கழிச்சு நீங்களே கிளாஸ்ல வந்து, ‘இசக்கி கேட்டதால ஆத்துக்குப் போனேன், நோட்ஸ் தப்பு, அடிச்சிடுங்க’ன்னு சொல்லி எனக்கு நன்றி சொன்னீங்க. எல்லாரும் கை தட்டினாங்க. இவ சொன்னது பொய்.”

“விலாங்கு உங்கப்பா வலையிலயே விழுந்துச்சு, இசக்கி. நான் அவரோட ஆத்துக்குப் போன நாலாவது வாரம். உன்கிட்ட சொல்ல வேண்டாம்னு நான்தான் சொல்லி வச்சேன். என் மணிக்கட்டு பருமன்.”

“அப்போ எதை மேடம் அடிக்கச் சொன்னீங்க?”

“நான் அடிக்கச் சொன்னது வேற வரி. கெண்டை ஆடியில சினை பிடிக்கும்னு சொல்லிக்கொடுத்திருந்தேன். உங்கப்பாவோட ஆத்துல நின்னு பார்த்தா, ஐப்பசியில வலை முழுக்க சினைக் கெண்டை. பதினோரு வருஷமா தப்பாச் சொல்லிக்கொடுத்திருக்கேன். கை தட்டின சத்தத்துல எந்த வரின்னு உன் காதுல ஏறலை.”

ஐயோ! வருஷா வருஷம் புது மாணவர்கள் முன்னால் மேடையேறி, ஆற்றில் விலாங்கே இல்லை என்று தான் ஜெயித்த கதையை அல்லவா சொல்லிக்கொண்டிருந்தார். கூச்சத்தில் அவருக்குக் காது சுட்டது.

“அப்போ நான் சொன்னது தப்பா மேடம்?”

“சுத்தத் தப்பு.”

“பிறகு எதுக்கு எனக்கு நன்றி சொன்னீங்க?”

“பதினோரு வருஷத்துல எத்தனை பிள்ளைங்க! ஒருத்தரும் வாயைத் திறக்கலை. நீ திறந்தே. தப்பாத்தான் திறந்தே. அன்னைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன், உன் மேல அவ்வளவு ஆத்திரம். அந்த ஆத்திரத்துலதான் ஆத்துக்கே போனேன். இன்னைக்கு வரைக்கும் என் ஜெபத்துல உன் பேரு உண்டு.”

இசக்கியப்பன் கோப்பை மூடினார். மேடம் தன்னை மன்னித்துவிட்டார் என்றுதான் இத்தனை வருஷமும் நன்றியோடு இருந்தார். மேடமும் இன்றுவரை தனக்கு நன்றியோடு இருக்கிறார் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கல்லூரி அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

“கமிட்டியைத் தள்ளி வைங்க. டி.சி. எழுத வேண்டாம். விடுதியில ஒரு ஏணி எடுத்து வைக்கச் சொல்லுங்க, நான் தொட்டிக்குள்ள பார்க்கணும். மாரிச்செல்வியும் வந்து நிக்கட்டும்.”

கோப்பை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவர், தயங்கித் திரும்பினார்.

“மேடம், ஏறிப் பார்க்கும்போது தொட்டி சுத்தமாவே இருந்தா? அவளை என்ன பண்றது?”

மேடம் மறுபடியும் மீன் சட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டிருந்தார்.

“உன்னை ஏற வச்சாளே. நன்றி சொல்லு.”