நெய் உறையாத அரண்மனை

முன்னொரு காலத்தில் பனிவரை என்றொரு மலைநாட்டை மாதண்ட பூபதி என்ற ராசா ஆண்டார். ஆண்டார் என்பது மரியாதைக்குச் சொல்வது. பாதி நேரம் வேர்வை துடைத்துக்கொண்டுதான் இருப்பார்.

குளிர்நாட்டில் ஏது வேர்வை என்கிறீர்களா? எல்லாம் மந்திரி நாகலிங்கப் பிரதானி செய்த வேலை. கொலுமண்டபத்தில் ஒரு வெள்ளிக் கிண்ணம் நிறைய நெய் வைத்து, ராசாவுக்குக் குளிரவில்லை என்பதற்கு அடையாளமாக அது எந்நேரமும் உருகியே இருக்க வேண்டும் என்று சட்டம் போடவைத்தார். உறைந்தால் அடுப்புக்காரிக்கு இருபது கசையடி. அதற்காக ஏழு அடுப்பு எரிந்தது, குடிக்கு ஒரு கட்டு விறகு தினமும் போனது. ராசாவோ வெற்றுடம்போடு உட்கார்ந்திருப்பார், இரண்டு பேர் விசிறுவார்கள். சூடேற்ற ஏழு அடுப்பு, சூடாற்ற இரண்டு விசிறி.

அடுப்புக்காரி பூவாத்தாளின் தங்கச்சி பிள்ளை பெற்று எட்டு நாள். வீட்டில் சுள்ளி கிடையாது. பச்சை உடம்புக்காரி விறைத்துக் கிடந்தாள், பிள்ளை வெந்நீரே காணவில்லை.

"ஐயா, குடிக்கு அரைக் கட்டு போதாதா?" என்று பூவாத்தாள் பிரதானியிடம் கேட்டுப் பார்த்தாள்.

"மயிரிழை குளிரையும் என் தோல் கண்டுபிடித்துவிடும். வாயை மூடிக்கொண்டு அடுப்பை ஊது."

அரண்மனை நெய்க்கு இருக்கிற யோகம் அந்தப் பிள்ளைக்கு இல்லையே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. அன்றைக்கே கிண்ணத்து நெய்யைக் கொட்டிவிட்டு நல்லெண்ணெயை ஊற்றினாள். அது அந்தக் குளிருக்கெல்லாம் உறையாது. நாளைக்கு ஒன்றாக ஐந்து அடுப்பை அணைத்தாள். விறகோடு வந்தவர்களை, "வீட்டுக்கே கொண்டுபோங்க" என்று திருப்பி அனுப்பினாள்.

ராசா சட்டை போட்டார், பிறகு சால்வை போர்த்தினார், நன்றாகத் தூங்கினார். விசிறிக்காரர்களுக்கு வேலை போயிற்று. பிரதானி மட்டும் தினமும் கிண்ணத்தை எட்டிப் பார்த்து, "என்ன வெதுவெதுப்பு மகாராசா, வேர்த்துக் கொட்டுகிறது" என்று காய்ந்த நெற்றியைத் துடைப்பார்.

பன்னிரண்டாம் நாள் அவரே முகம் சிவந்து வந்தார். "மோசம் போனோம் மகாராசா. கிண்ணத்தில் இருப்பது நெய்யில்லை, எண்ணெய்."

"உமக்கு எப்படித் தெரியும்?"

"பருப்புச் சோற்றில் ஊற்றினேன், நாறிப்போயிற்று."

ராசா மெல்லக் கேட்டார்: "என் கிண்ணத்து நெய் உம் சோற்றுக்கு எப்படி வந்தது?"

பிரதானி அவசரமாகப் பூவாத்தாளைக் கைகாட்டினார். ராசா பூவாத்தாள் பக்கம் திரும்பினார். "நீ என்னை ஏமாற்றினாயா?"

"கிண்ணத்தைத்தான் ஏமாத்தினேன் சாமி. ஒரு வாரமா ரெண்டே அடுப்பு. குளிர் உங்களுக்கா, நெய்க்கா?"

ராசா சால்வையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

"இனி முதலில் சால்வை, பிறகுதான் அடுப்பு. குளிர் கூடினால் ஒன்று கூட்டு, குறைந்தால் குறை. உன் யோசனைப்படி நடக்கட்டும். கிண்ணம் உனக்கு. கிடங்கில் மிஞ்சிய விறகை வீடு வீடாகப் பிரதானி தலையில் சுமந்து கொடுப்பார்."

அன்று சாயங்காலம் முதல் கட்டு பூவாத்தாள் வீட்டு வாசலில் வந்து நின்றது. உள்ளே பிள்ளை வெந்நீரில் கத்திக்கொண்டிருந்தது.

"இறக்கி வைங்க ஐயா. வேர்க்குதா?"

"வேர்க்கிறது," என்றார் பிரதானி. இந்தத் தடவை நிஜமாகவே வேர்த்தது.