காந்தம் கட்டிக்கொண்ட நரி

ஒரு காட்டில் மிடுக்கன் என்றொரு நரி இருந்தது, குழந்தைகளே. அதற்குப் பசி நிறைய. ஓடி இரை பிடிக்க மட்டும் சோம்பல்.

அந்தக் காட்டு மலையுச்சியில் விண்மீன்களை ஆராயும் கூடம் ஒன்று உண்டு. அதன் ஜன்னலில் தொங்கிக்கொண்டு, உள்ளே பேசுவதையெல்லாம் கேட்டுவந்து ஒப்பிப்பது ஒரு குரங்கின் வழக்கம்.

ஒருநாள் குரங்கு சொன்னது: "வெள்ளைக் குள்ளன் என்றொரு விண்மீன் இருக்கிறதாம். எரிந்து முடிந்து சுருங்கிப்போனது. பக்கத்திலேயே ஒரு பெரிய விண்மீன். இரண்டும் ஒன்றையொன்று சுற்றுகின்றன. பெரியதன் உடம்பிலிருந்து வாயு ஆறுபோல ஒழுகிக் குள்ளனிடம் வருகிறதாம். குள்ளனுக்குக் காந்த சக்தி உண்டு. வந்த வாயு அதன் இரண்டு துருவங்களில்தான் போய் விழுமாம்."

"காந்தம் இருந்தால் சாப்பாடு தானே வரும் என்கிறாய்" என்று நரி எழுந்தது.

வாயுவை இழுப்பது குள்ளனின் பெரும் எடைதான், காந்தம் வழிகாட்டுவதோடு சரி என்று குரங்கு சொல்லிக்கொண்டிருந்தபோது, நரி ஆற்றங்கரைக்கே போய்விட்டது.

அங்கே இரண்டு காந்தக் கற்களைத் தேடியெடுத்து, ஒன்றைத் தலையிலும் ஒன்றை வாலிலும் கொடியால் கட்டிக்கொண்டது. மலையடி ஊரிலிருந்து தினமும் மேய வரும் கொழுத்த எருமையிடம் போய், தனக்கு உடம்பு சரியில்லை, யாராவது சுற்றி வந்தால் குணமாகும் என்றது. எருமைக்கு இளகிய மனம். மறுபேச்சில்லாமல் சுற்றத் தொடங்கியது.

நரி வாயைத் திறந்தபடி நடுவில் படுத்தது. எருமையின் கொழுப்பு இதோ ஒழுகிவரும், இதோ ஒழுகிவரும் என்று மூன்று பகல் காத்திருந்தது. சுற்றிய வழியிலிருந்த புல்லையெல்லாம் மேய்ந்து எருமை இன்னும் கொழுத்தது. நரிக்கு விலா எலும்பு தெரிந்தது.

"இன்னும் நெருங்கிச் சுற்றுங்கள், அக்கா" என்றது நரி.

அன்று எருமை சேற்றில் புரண்டு வந்திருந்தது. அது நெருங்கிக் குனிந்ததும், கழுத்திலிருந்த இரும்பு மணி நரியின் தலைக் கல்லில் டக்கென்று ஒட்டிக்கொண்டது. மிரண்ட எருமை முட்புதருக்குள் பாய்ந்து ஓடியது. முள்ளில் நரியின் மயிர் கொத்துக் கொத்தாகப் பிய்ந்து பறந்து, எருமையின் சேற்று முதுகில் போய் அப்பிக்கொண்டது.

எருமை ஒருவழியாக நின்றபோது, அது நரியின் நிறத்தில் இருந்தது. நரி மொட்டை உடம்போடு மணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

எருமை அதைப் பார்த்து மிகவும் வருந்தியது. "இப்படி இளைத்துவிட்டாயே, தம்பி. இன்னும் மூன்று நாள் சுற்றட்டுமா?" என்று கேட்டது.

நீதி: பாதியைக் கேட்டு எழுந்து ஓடுகிறவன், மீதியைப் பட்டுத்தான் தெரிந்துகொள்வான்.