ஏழு பேர் சாகும் நாடகம்

சந்தியாகு மணலில் ஓடி வந்தான். ஒரு கையில் நோட்டு. மறு கையில் துண்டில் சுற்றிய ஏதோ ஒன்று. முப்பது வருஷம் மேடையேறி, தலை நரைத்தவன் அன்று சின்னப் பையனைப் போல ஓடினான்.

கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் நிழலில் மிக்கேல் அண்ணாவி உட்கார்ந்திருந்தார். அந்தக் கடற்கரை ஊரில் திருவிழா நாடகங்களைப் பழக்குகிறவர் அவர்.

“எழுதி முடிச்சிட்டேன் அண்ணாவியாரே! இந்த வருஷம் கொடியேத்தத்துக்கு இதுதான் நாடகம்!”

“மூச்சு வாங்கிட்டுச் சொல்லுலே.”

அவன் மூச்சு வாங்கவில்லை.

“ஒரு ராஜா. இளவரசனோட தம்பியைக் கப்பல்ல கூட்டிட்டுப் போறான். நடுக்கடல்ல தள்ளிவிட்டுட்டுத் தனியாத் திரும்பி வாறான். இளவரசனுக்கு எல்லாம் தெரியும். ஆனா காட்டிக்கிடமாட்டான். மூணு வருஷம் பைத்தியமா நடிக்கான்.”

“அந்த வேஷத்துக்கு உனக்கு ஒத்திகையே வேண்டாமே.”

“சிரிக்காதீங்க. கேளுங்க. அரண்மனையில ஒரு நாடகம் போடுவோம்னு இளவரசன் சொல்லுதான். ராஜாவையே நடிக்கக் கூப்பிடுதான். எல்லாரும் கை தட்டுதாங்க. கடைசிக் காட்சி. கத்தி உசருது. அட்டைக் கத்தின்னு சபை நினைக்கு. அது நிஜக் கத்தி!”

“எத்தனை பேர் சாவான்?”

“ஏழு பேர்!”

“மேடை தாங்குமாலே?”

“மேடைக்குக் கூட நாலு பெஞ்சு போடச் சொல்லியிருக்கேன்.”

அண்ணாவி தொடையில் தட்டிச் சிரித்தார். “நல்லாத்தான் இருக்கு. இளவரசன் யாரு?”

“நான்.”

“ராஜா?”

“லூர்து.”

அண்ணாவியின் சிரிப்பு நின்றது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சந்தியாகுவின் தம்பி பவுலும் லூர்தும் ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போனார்கள். லூர்து மட்டும் திரும்பி வந்தான். பவுலை அலை அடித்துக்கொண்டு போய்விட்டது என்றான். அன்று முதல் சந்தியாகு அவனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. கோவிலில் அவன் இந்தப் பக்கம் நின்றால் இவன் அந்தப் பக்கம் நிற்பான்.

“அவன் சம்மதிப்பானா?”

“ஆள் விட்டுக் கேட்டேன். என் நாடகம்னு தெரிஞ்சும் உடனே சரின்னுட்டான்.”

“துண்டுல என்ன?”

சந்தியாகு பிரித்தான். சுறா அறுக்கும் கத்தி. புதிதாகத் தீட்டியிருந்தது.

அண்ணாவி அதைத் தொடவில்லை. வள்ளத்தில் சாய்ந்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நான்தான் ராஜா. கடைசிக் காட்சியை நடிச்சுக் காட்டு.”

சந்தியாகுவின் கண் மின்னியது. நாலு அடி பின்னால் போனான். வசனத்தை முழங்கிக்கொண்டே பாய்ந்து வந்தான். கத்தி அண்ணாவியின் நெஞ்சுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

அண்ணாவி அசையவில்லை.

“விழுங்க அண்ணாவியாரே.”

“என் விருத்தம் எங்கலே?”

“என்ன விருத்தம்?”

“நம்ம மேடையில பாடாமச் செத்தவன் உண்டா?”

அந்த ஊர் நாடகத்தில் காவல்காரன் செத்தால்கூட ஒரு விருத்தம் பாடித்தான் சாவான். அவன் பாடி முடிக்கும்வரை குத்துகிறவன் காத்து நிற்க வேண்டும். சந்தியாகு மற்ற ஆறு பேருக்கும் பாட்டு எழுதியிருந்தான்.

“அவன் கொலைகாரன். அவனுக்கு எதுக்குப் பாட்டு?”

“கொலைகாரனுக்குத்தான் நீளமான பாட்டு. சபை அதுக்குத்தானே முழிச்சிருக்கும்? உட்காரு. எழுது.”

சந்தியாகு மணலில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தான். வேகம் இன்னும் குறையவில்லை. “நடுக்கடலில் அன்று” என்று எழுதினான். அதற்குமேல் பேனா ஓடவில்லை.

“பிடிச்சுத் தள்ளினேன்னு எழுதிருதேன்.”

“நீ பார்த்தியா?”

“ஊரே சொல்லுது.”

“ஊரு அந்த வள்ளத்துல இருந்துச்சோ?”

சந்தியாகு பேனாவை உதறினான். மை இருந்தது.

“தண்ணிக்குள்ள போகும்போது பவுலு யாரைக் கூப்பிட்டான்? அம்மையையா, உன்னையா?”

“தெரியாது.”

“எவ்வளவு நேரம் நீந்தினான்?”

“தெரியாது அண்ணாவியாரே.”

“தெரிஞ்ச ஆளு இந்த ஊர்ல எத்தனை பேரு?”

சந்தியாகு நோட்டில் எழுதிய அந்த அரை வரியைப் பார்த்தான்.

“ஒருத்தன்.”

அண்ணாவி எழுந்து வேட்டியில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினார்.

“போ. அவன்கிட்டக் கேட்டு எழுதிட்டு வா. எழுதி முடிச்சதும் குத்து.”