தொட்டிலுக்கு ஒரு சிம்

மலைச்சரிவில் ஒரு சிறிய மடம் இருந்தது. அதன் குரு தையல்நாயகிக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. மூத்த சீடர் சிங்காரத்துக்கோ அறுபது தாண்டிவிட்டது. திருவிழா மேடைகளில் மிமிக்ரி செய்து பிழைத்தவர். அவர் சந்நியாசம் வாங்கிக்கொண்டார். அவருடைய தொண்டை வாங்கிக்கொள்ளவில்லை.

மடத்தில் சமைக்கும் செங்கமலத்துக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. கணவன் வேலாயுதத்துக்குச் சரக்குக் கப்பலில் வேலை. அவர்கள் வழக்கத்தில் அப்பன்தான் குழந்தையின் காதில் மூன்று முறை பெயர் சொல்ல வேண்டும். என்ன பெயர் என்று அவன் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலை கப்பல் ஒரு துறைமுகத்தில் சற்று நேரம் நிற்கும். அப்போது கூப்பிடுவான். அதை விட்டால் அடுத்த கரை எப்போது என்று அவனுக்கே தெரியாது.

"போன தடவை மகளோட கால் கட்டைவிரலை மட்டும்தான் பார்த்தாரு. அதோட படம் நின்னுபோச்சு" என்றாள் செங்கமலம்.

விஷயம் கேள்விப்பட்ட பக்தர் ஒருவர் ரவுட்டர் வாங்கிக் கொடுத்தார். சிம் போட்டால் மடம் முழுக்க இணையம் வரும். எந்த சிம், எந்தத் திட்டம்?

"பார்த்துட்டு வாங்க, ஐயா" என்று குரு சிங்காரத்தை அனுப்பினார்.

சிங்காரம் கடைத்தெருவையே தொண்டையில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

"முதல் கடைக்காரர், அம்மா." குரல் கரகரத்தது. "சாமி! இது டேட்டா இல்ல, ஆடிப்பெருக்கு! அள்ளுங்க, அள்ளிக்கிட்டே இருங்க!"

"ரெண்டாவது கடையில ஒரு பொண்ணு." குரல் மெலிந்தது. "எங்க நெட்வொர்க்ல கண்ணைச் சிமிட்டறதுக்குள்ள படம் வந்துடும், சார். சிமிட்டிப் பாருங்க, சார். சும்மா சிமிட்டுங்க, சார்."

"மூணாவது கம்பெனிக்குப் போன் போட்டேன்." முகம் கல்லானது. "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. தயவுசெய்து காத்திருக்கவும். டிங் டிடிங் டிங்."

மடமே சிரித்தது. குரு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இதுல எதை எடுக்கட்டும், அம்மா?"

"மூணு பேர் சொன்னதையும் கொண்டுவந்துட்டீங்க. தொட்டில் என்ன சொல்லுது?"

"தொட்டிலா?"

குரு எழுந்தார். பால்காரர் மாயாண்டி, மினிபஸ் டிரைவர், ரவுட்டர் தந்த பக்தர் மூவரிடமும் போனைக் கேட்டு வாங்கினார். மூன்றும் வேறு வேறு கம்பெனி. தொட்டில் தொங்கும் அறை ஜன்னலில் வரிசையாக வைத்து, மூன்றிலும் படம் ஓட விட்டார்.

பக்தரின் விலை உயர்ந்த போனில் வட்டம் சுற்றியது. டிரைவரின் போனில் ஒரு பாடகி வாயைத் திறந்தவர் மூடவே இல்லை. மாயாண்டியின் கண்ணாடி உடைந்த போனில் மட்டும் சண்டைக்காட்சி விடாமல் நடந்தது. டமால், டுமீல், ஐயோ, அம்மா!

சிங்காரம் ஜன்னலை எட்டிப் பார்த்தார். எதிர் மலையில் ஒரு செல்போன் கோபுரம், கையெடுத்துக் கும்பிடலாம்போல நேருக்கு நேர் நின்றது. அவர் கும்பிட்டார். பிறகு குரு பக்கம் திரும்பி இன்னொரு முறை கும்பிட்டார்.

அந்தக் கம்பெனி சிம்மையே வாங்கி, தினம் இவ்வளவு டேட்டா என்று ஒரு திட்டம் போட்டு, ரவுட்டரை அதே ஜன்னலில் வைத்தார்.

"அன்னன்னிக்கு அளவு தீர்ந்தா?" என்று கேட்டார் குரு.

விளம்பரக் கடைசியில் மூச்சுவிடாமல் ஓடும் குரலில் சிங்காரம் சொன்னார்: "வேகம் குறையும் மறுநாள் சரியாகும் நிபந்தனைகளுக்கு உட்பட்டது."

"ஒரு அழைப்புக்கு அது தாராளம்" என்றார் குரு.

வெள்ளிக்கிழமை விடியும்போதே சிங்காரம் ரவுட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டார். மைக்கைத் தட்டிப் பார்க்காமல் அவர் எந்த மேடையிலும் பேசியதில்லை. "ஹலோ, செக், செக்" என்று சொல்லிக்கொண்டு தன் பழைய நிகழ்ச்சி வீடியோ ஒன்றைப் போனில் போட்டார். தெளிவாக ஓடியது. இன்னொன்று போட்டார். அதுவும் ஓடியது. இன்னும் தெளிவாக ஓடுமா என்று பார்த்தார். ஓடியது.

"இரும்பு மாதிரி நிக்குது, செங்கமலம்! கவலையே படாதே!"

வேலாயுதம் கூப்பிட்டான். திரையில் அவன் நெற்றி வந்தது. ஒரு புருவம் வந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை. கூடவே ஒரு செய்தி மட்டும் சரியாக வந்து சேர்ந்தது: இன்றைய அளவு முடிந்தது.

மாயாண்டி பால் ஊற்றிவிட்டுத் தன் போனோடு எப்போதோ மலையிறங்கியிருந்தார். செங்கமலம் குழந்தையை அணைத்துக்கொண்டு திரையைத் தட்டினாள். "இந்தா பாருங்க... தெரியுதா? இந்தா உங்க மக..."

சிங்காரம் குருவின் காதருகே குனிந்தார். "அம்மா, வேலாயுதம் குரல் எனக்கு அச்சா வரும். போனை மறைச்சுக்கிட்டு நான் சொல்லிடட்டுமா? பாவம், அந்தப் பொண்ணு."

"குரல் உங்ககிட்ட இருக்கு, ஐயா. பேரு?"



குரு போனை வாங்கினார். படத்தை நிறுத்தி, குரலை மட்டும் விட்டார். கறுத்த திரையைக் குழந்தையின் காதோடு வைத்தார். 

கடலுக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. மெதுவாக, விட்டு விட்டு, ஆனாலும் முழுசாக.

"பவழக்கொடி... பவழக்கொடி... பவழக்கொடி..."

குழந்தை வீறிட்டு அழுதது. அந்தப் பக்கமும் யாரோ அழுவது கேட்டது.

வெயில் ஏறியதும் செங்கமலம் எல்லோருக்கும் மோர் கொடுத்தாள். சிங்காரம் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தலை குனிந்திருந்தார்.

"அம்மா, அடுத்த மாசம் இதைவிடப் பெரிய திட்டமா எடுத்துடட்டுமா?"

குரு அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தார்.

"புளிப்பு இல்ல."

இன்னொரு வாய்.

"உப்பு சரியா இருக்கு."

அண்ணாந்து டம்ளரை வாயில் கவிழ்த்தார். நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"இஞ்சிகூடப் போட்டிருக்கா."

காலி டம்ளரைச் சிங்காரத்தின் கையில் திருப்பி வைத்தார்.

"அருமையான மோர், ஐயா. பயப்படாமக் குடிங்க."