அட்சதை போட்ட கை

எங்கள் ஸ்டூடியோவில் ஞாயிற்றுக்கிழமை தோறும் கேமரா வகுப்பு நடக்கும். நடத்துகிறவர் ஜெயராக்கினி. வயசு முப்பத்திரண்டு. படிக்க வந்தவர்களில் ஒருவர் சிதம்பரநாதன். தபால் ஆபீஸில் வேலை, வயசு நாற்பத்தேழு. அவர் ஜெயராக்கினியை "மாஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார். அத்தனை வயசு மூத்த மனுஷன் கையைக் கட்டிக்கொண்டு மாஸ்டர், மாஸ்டர் என்று நிற்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பாக வரும். கற்றுக்கொடுத்தால் மாஸ்டர்தானே என்பார் அவர்.

நான் அங்கே ஆல்பம் டிசைன் பண்ணுகிறவன். இருபது வருஷமாகக் கல்யாணப் படங்களைப் பார்த்துப் பார்த்து, எந்த ஊர் மாப்பிள்ளையும் எங்கேயோ பார்த்த முகமாகத்தான் தெரிவார். ஒரு கேமராவை வாங்கிவைத்துக்கொண்டு "நானே எடுத்துருதேன்" என்று கிளம்புகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. எடுத்த படத்தின் இருட்டையும் ஆட்டத்தையும் சரிபண்ணச் சொல்லிக் கடைசியில் என் தலையில்தான் கட்டுவார்கள்.

சிதம்பரநாதன் ஒருநாள் வந்து அதையேதான் சொன்னார்.

"என் சேக்காளி ஆவுடையப்பனுக்குக் கல்யாணம், மாஸ்டர். என்னையத்தான் போட்டோ எடுக்கச் சொல்லுதான்."

"எத்தனை வருஷப் பழக்கம்?"

"ஆறாங்கிளாஸ்ல இருந்து."

"அப்ப அவருக்கும் நாப்பத்தேழு."

"ஆமா. பொண்ணுக்கு நாப்பத்திரண்டு. உலகம்மாள். அம்மா இல்லை, அப்பாவைப் பாத்துக்க வேற ஆளில்லைன்னு கல்யாணமே வேண்டாம்னு இருந்துட்டாங்க. இப்பத்தான் ரெண்டு பேருக்கும் கூடி வந்திருக்கு."

"வேற போட்டோகிராபர் யாரும் வராங்களா?"

"கூப்பிட மாட்டேங்கான். தெரியாத ஆளு முன்னாடி சிரிப்பு வராதாம் அவனுக்கு."

ஜெயராக்கினி ஒரு மாசம் அவரை விடவில்லை. எங்கே நிற்கணும், எப்போது குனியணும், எல்லாம் சொல்லிக்கொடுத்தார்.

"தாலி கட்டுற நேரம் முன்னால இருக்கிறவங்க எழுந்திரிச்சு மறைப்பாங்க. ஒரு ஸ்டூல் வச்சுக்கோங்க. கெட்டிமேளம்னு சத்தம் கேட்டா விரல் ஷட்டரை விட்டு நகரக் கூடாது."

அதை நோட்டில் எழுதி அடியில் ரெண்டு கோடு போட்டுக்கொண்டார் சிதம்பரநாதன்.

கல்யாணம் ஒரு மலைக்கோயிலில். உலகம்மாளின் அப்பா நேர்ந்துகொண்டது. என் மகளுக்குக் கல்யாணம் கூடி வந்தால் உன் சன்னிதியில்தான் தாலி என்று எத்தனையோ வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லிவைத்திருந்தார். தேதி குறித்த பிறகு மனுஷன் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துபோனது. முந்நூறு படி ஏற எங்கே முடியும்? அப்பா இல்லாமல் மாட்டேன் என்று மகள் அழுதிருக்கிறாள். சாமிக்குச் சொன்னதை மாற்ற மாட்டேன் என்று அப்பா பிடிவாதம்.

கடைசியில் அவர் சிதம்பரநாதனைக் கூப்பிட்டுச் சொன்னாராம்: "கோயில்ல எல்லார் போனையும் வாங்கி வச்சுருவாங்க. உன் கேமராவுக்கு மட்டுந்தான் அனுமதிச் சீட்டு வாங்கியிருக்கு. அவ கழுத்துல தாலி ஏறுற படம் ஒண்ணு போதும் எனக்கு. என்னாலதான அவ இத்தனை வருஷம் கல்யாணமில்லாம நின்னா. அதைப் பாத்துட்டா மனசு ஆறிரும்."

கல்யாணம் முடிந்த மறுநாள் சிதம்பரநாதன் ஸ்டூடியோவுக்கு வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. மெமரி கார்டை மேஜையில் வைத்தார். ஜெயராக்கினி பக்கத்தில் நிற்க, நான் கம்ப்யூட்டரில் போட்டுத் தள்ளிக்கொண்டே வந்தேன். பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே எடுத்திருந்தார். படி ஏறிக் களைத்த கூட்டம், மாலை மாற்றுவது, ஆவுடையப்பன் அடிக்கடி வேட்டியைச் சரிசெய்வது எல்லாம் இருந்தது. அர்ச்சகர் தாலியைத் தட்டில் எடுத்து வருகிறார். அடுத்த படத்தில் உலகம்மாள் நெற்றியில் குங்குமம் வைக்கிறார்கள்.

"நடுவுல எங்க?" என்றேன்.

சிதம்பரநாதன் தரையைப் பார்த்தார்.

"ஸ்டூல் மேலதான் நின்னேன், மாஸ்டர். விரலும் ஷட்டர்லதான் இருந்துச்சு. அப்ப ஒரு அம்மா அட்சதைத் தட்டை நீட்டுனாங்க. கை தானா போயிட்டு. எடுத்த மறு நிமிஷம் கெட்டிமேளம்."

"அதைக் கீழ போட்டுட்டு எடுக்க வேண்டியதுதான?" என்றேன் நான்.

"அட்சதையைக் கீழ போடவா? ஆவுடையப்பன் கல்யாணத்துலயா?"

"அப்ப என்ன செஞ்சீங்க?"

"என்ன செய்ய, அவன் தலையில போட்டேன். போட்டுட்டு அழுதுக்கிட்டே நின்னேன். மேளம் நின்ன பிறகுதான் கேமரா கழுத்துல தொங்குறதே தெரிஞ்சுது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜெயராக்கினி பார்த்த பார்வையில் அது வந்த வழியே போய்விட்டது.

"தட்டு வரும்னு நான் சொல்லிக்கொடுக்கலை. அது என் தப்பு, அண்ணாச்சி" என்றார் அவர்.

"யார் தப்பா இருந்தா என்ன, மாஸ்டர். உலகம்மாளோட அப்பா, அந்த மாமாவுக்கு நான் எதைக் கொண்டு காட்ட? அந்த ஒரு படத்துக்குத்தான் அவரு படுத்த படுக்கையில உசுரைப் பிடிச்சுக்கிட்டு இருக்காரு. ஆவுடையப்பன்கிட்டகூட இன்னும் சொல்லலை. எனக்குச் சோறு இறங்கலை."

அவரைப் பார்க்கப் பாவமாகப் போய்விட்டது. நான் எனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் சொன்னேன்.

"மாப்பிள்ளை பொண்ணை மறுபடி பட்டுக் கட்டி, தாலியைப் பிடிச்ச மாதிரி நிக்கச் சொல்லுங்க. ஒரு படம் எடுங்க. பின்னால கோயிலையும் கூட்டத்தையும் நான் ஒட்டிருதேன். பெத்த அப்பனுக்கும் வித்தியாசம் தெரியாது."

சிதம்பரநாதன் என்னைப் பார்க்கவில்லை. ஜெயராக்கினியைப் பார்த்தார்.

"அப்படிச் செய்யலாமா, மாஸ்டர்?"

"செய்யலாம். நானே செஞ்சிருக்கேன்."

"அப்ப ஆவுடையப்பனைக் கூப்பிடட்டா?"

"மாமா வீடு எங்க இருக்கு?"

"கீழத்தெருவுல. ஏன்?"

"அவருதான காத்துக்கிட்டு இருக்காரு. வாங்க, போவோம். கேமராவை என்கிட்ட கொடுங்க."

சிதம்பரநாதனுக்கு முகம் வெளிறிவிட்டது. ஆனாலும் கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றிக் கொடுத்தார். ஜெயராக்கினி அதில் வேறொரு கார்டைப் போட்டுக்கொண்டார். ஆட்டோவில் நானும் ஏறிக்கொண்டேன். என்ன நடக்கப்போகிறது என்று பார்க்காமல் எனக்கு வேலை ஓடாது.

பெரியவர் ஜன்னலோரம் இரும்புக் கட்டிலில் படுத்திருந்தார். மகளும் மருமகனும் மறுவீட்டுக்கு இன்னும் வரவில்லை. பக்கத்து வீட்டு அம்மா ஒருத்தி துணைக்கு இருந்தாள். சிதம்பரநாதன் தலையைக் கண்டதுமே பெரியவர் கேட்டார்.

"படம் வந்துட்டா?"

"இல்லை, மாமா."

"எப்ப வரும்?"

"வராது, மாமா. நான் எடுக்கலை. அட்சதை போட்டுக்கிட்டு நின்னுட்டேன். என்னை நாலு வார்த்தை திட்டிருங்க."

பெரியவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நேத்து மாலையும் கழுத்துமா வந்து கால்ல விழுந்தாங்க. கட்டுன தாலியைப் பாத்துட்டேன். கட்டுறதைத்தான் பாக்கணும்னு இருந்தேன்" என்றார். பிறகு, "சரி, விடு" என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சிதம்பரநாதன் இப்போது என்ன செய்ய என்பதுபோல ஜெயராக்கினியைப் பார்த்தார். அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"அண்ணாச்சி, ஒன்பது வருஷமா நான் கல்யாணம் எடுக்கேன். ஒரு கண்ணை மூடிக்கிட்டு இன்னொரு கண்ணைக் கேமராவுல வச்சுக்கிட்டு நிக்கிற பொழப்பு. தாலி கட்டுறதை வெறுங்கண்ணால ஒண்ணுகூடப் பாத்ததில்லை. எப்படி இருந்துச்சு?"

"இப்பவா, மாஸ்டர்?"

"இப்பத்தான். எனக்குச் சொல்லுங்க."

சிதம்பரநாதன் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

"தட்டுல இருந்து தாலியை எடுக்கும்போதே அவனுக்குக் கை ஆட ஆரம்பிச்சுட்டு. சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். பரீட்சைக்குப் போனாலும் கை ஆடும். உலகம்மாள் தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருந்தாங்க. மாலை பெருசு. அதுக்குள்ள பின்னல் சிக்கிட்டு. இவன் தாலியை வச்சுக்கிட்டு என்ன செய்யன்னு தெரியாம முழிக்கான். அவங்களே ஒரு கையால பின்னலை இழுத்து முன்னால போட்டுக்கிட்டாங்க."

"பிறகு?"

"கட்டுனான். முதல் முடிச்சு வழுக்கிட்டு."

கட்டிலில் முகம் இந்தப் பக்கம் திரும்பியது.

"வழுக்கிட்டா?" என்றார் பெரியவர்.

"ஆமா, மாமா. திரும்பப் போட்டான்."

"அவனுக்குத்தான் கூடப்பிறந்தவ கிடையாதே. நாத்தனார் முடிச்சு யாரு போட்டா?"

"அவன் வழியில ஒரு அத்தை எழுந்திரிச்சு வந்தாங்க, நான் போடுதேன்னு. உலகம்மாள்தான், 'வேண்டாம், அவுகளே போடட்டும்'னு சொல்லிட்டாங்க. மூணு முடிச்சும் அவனேதான் போட்டான்."

"சபையிலயா சொன்னா?"

"மெதுவாத்தான் சொன்னாங்க. ஆனா சொல்லிட்டாங்க."

"சொல்லுவா" என்றார் பெரியவர். அதில் ஒரு பெருமை இருந்தது. நாற்பத்திரண்டு வருஷம் கூடவே இருந்து பார்த்த பெருமை. "இவன் என்ன செஞ்சான்?"

சிதம்பரநாதன் ஜெயராக்கினிக்குச் சொல்வதை விட்டுவிட்டார். கட்டில் பக்கம் நகர்ந்து, ரெண்டு கையையும் தூக்கி, இல்லாத ஒரு கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போட்டுக் காட்டினார்.

"இப்படி. ரெண்டாவது முடிச்சு நல்லா விழுந்துட்டு. மூணாவதுக்கு அவனுக்குக் கண்ணு தெரியலை, மாமா. தண்ணி. மேளம் கூரையைப் பிடுங்குது. எல்லாரும் எழுந்திரிச்சுட்டாங்க."

"அவ அழுதாளா?"

"இல்லை. அவன்தான் அழுதான். அவங்க நிமிர்ந்து பாத்தாங்க. பாத்துச் சிரிச்சாங்க."

"சிரிச்சாளா?"

"பல்லு தெரியச் சிரிச்சாங்க, மாமா. நான் கண்ணால பாத்தேன்."

எனக்கே மலைக்கோயில் தெரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கிளிக் சத்தம் கேட்டது. ஒன்றே ஒன்று. சிதம்பரநாதன் காதில் அது விழுந்த மாதிரித் தெரியவில்லை. ஜெயராக்கினி கேமராவை மடியில் வைத்துக்கொண்டார்.

பெரியவர் பக்கத்து வீட்டு அம்மாவை வந்தவர்களுக்குக் காபி போடச் சொன்னார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த முதல் முடிச்சு வழுக்குச்சுல்லா, அதுல இருந்து இன்னொரு தடவை சொல்லு" என்றார்.

மூன்று தடவை சொல்லவேண்டியிருந்தது. மூன்றாவது தடவை சிதம்பரநாதன் எதையோ விட்டுவிட, பெரியவரே எடுத்துக்கொடுத்தார்.

மறுவீட்டுக்கு வந்த ஆவுடையப்பனிடமும் சிதம்பரநாதன் விஷயத்தைச் சொல்லிவிட்டார். "நீ அட்சதை போடாம கேமராவுக்குள்ள இருந்திருந்தா நான் யாரைப் பாத்து அழ?" என்று கேட்டானாம் அவன். இருந்தாலும் சிதம்பரநாதனுக்கு மனசு முழுசாகச் சமாதானம் ஆகவில்லை. ஆல்பத்தையாவது நல்லபடியாகப் போட்டுக் கொடுத்துவிடணும் என்று தினம் ஆபீஸ் விட்டதும் வந்து என் பின்னால் நின்றுகொள்வார். என் கழுத்தில் அவர் மூச்சுப் படும்.

எந்தக் கல்யாண ஆல்பத்திலும் நடுவில் ரெண்டு பக்கத்தைச் சேர்த்துத் தாலி கட்டுகிற படத்துக்கு விட்டுவிடுவேன். இருபது வருஷப் பழக்கம். இதிலும் விட்டிருந்தேன். மற்ற எல்லாப் பக்கமும் முடிந்து அது மட்டும் வெள்ளையாகக் கிடந்தது.

"இங்க என்னத்தை வைக்க? குங்குமம் வைக்கிறதைப் பெருசாக்கிப் போட்டுரட்டா?" என்று ஜெயராக்கினியிடம் கேட்டேன்.

அவர் ஒரு படத்தைக் கொடுத்தார்.

பெரியவர். தலை தலையணையில் இல்லை. முழங்கையை ஊன்றி, கழுத்தை எட்டி நீட்டி, முன்னால் யாரோ எழுந்து மறைக்கிறார்கள் என்பதுபோல ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. இடுப்பு உடைந்த மனுஷன் எப்போது அப்படி எழுந்தார் என்று எனக்குத் தெரியாது. அந்த நேரம் நானும் சிதம்பரநாதனின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து அதைப் போட்டேன். ஒரு பூ, ஒரு எழுத்துகூட வைக்கவில்லை. அன்று சாயங்காலம் சிதம்பரநாதன் வந்தார். பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"மாமாவை எப்ப எடுத்திய, மாஸ்டர்?"

"நீங்க சொல்லிக்கிட்டு இருந்தியள்ளா, அப்ப."

"நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. ஆனா இது தாலி கட்டுற பக்கம். உலகம்மாள் இதைத் திறந்துட்டு, தாலி கட்டுறது எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்ல?"

ஜெயராக்கினி லென்ஸைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அவங்க அப்பா பாத்துக்கிட்டு இருக்காருல்லா, அண்ணாச்சி."